முக்காவாசியும் ஈசானிய மூலைப் புளியந்தூரும்

மதுரையிலிருந்து மேலூர் போகிற வழியில் பாதியில் நிற்கிற காம்பவுண்டுச் சுவர், தண்ணீர் வருவதற்கு நாலடி முன்பே கைவிட்ட கிணறு, மூன்று பக்கம் மட்டும் கட்டிய வேலி, இப்படி எதைப் பார்த்தாலும் சரி, அங்கே முக்காவாசி வந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இந்த ஜில்லாவில் சோம்பேறிகளுக்கும் பஞ்சமில்லை, சுறுசுறுப்புக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எந்த வேலையைக் கொடுத்தாலும் அளவுகோல் வைத்த மாதிரி முக்கால் பங்கில் கொண்டுபோய் நிறுத்துகிற ஒரே ஆத்மா அவன்தான். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஆதார் கார்டில் அவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். போன் போட்டு, "எங்கப்பா வந்துக்கிட்டு இருக்கே?" என்று கேட்டால், "முக்காவாசி வந்துட்டேண்ணே" என்பான். பின்னால் அவன் வீட்டு மிக்சியில் சட்னி அரைபடுகிற சத்தம் கேட்கும். "வேலை எம்புட்டு முடிஞ்சிருக்கு?" என்றால் "முக்காவாசி முடிஞ்சிருச்சுண்ணே." சாப்பிட்டாயா என்று மரியாதைக்குக் கேட்டால்கூட அதே பதில்தான்.

எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி இவனுடைய கல்யாணத்துக்குப் போனவர். மூன்று முடிச்சில் இரண்டைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை போட்டோக்காரரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டானாம். மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா போடுவதுதான் வழக்கம் என்பதால் சபையில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. "அவன் பொழப்புல கை வச்ச வேலை முழுசா முடிஞ்ச ஒரே நாளு அதுதான் சார்" என்றார் மேஸ்திரி.

இப்படிப்பட்டவனை நான் ஏன் வேலைக்கு வைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி பத்மாவும் இன்றுவரை அதைத்தான் கேட்கிறாள்.

நான் முப்பது வருஷமாக ஜவுளிக்கடையில் புடவையை விரித்துக் காட்டி, வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி மடித்து வைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மாதிரி எதையாவது எழுதுகிறவன். இரும்புக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் கத்திரிக்கோலோடு முடிந்துவிடும். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இன்னொன்றில் ராத்திரி மிளகாய் வறுக்கக் கூடாது. கடைசியாகப் பழங்காநத்தத்தில் இருந்த மாடி வீட்டில், விருந்தாளி வருவதாக இருந்தால் கீழே வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் பொறுப்பாம். எங்கள் கல்யாண நாளன்றுகூட பத்மா அவரிடம் போய் நின்று, "ஆறு பேர் வர்றாங்க சார், பாத்ரூம் ரொம்பப் போக மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் மனை வாங்குவது என்று முடிவாயிற்று.

மேலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன மனை. முன்பு தோப்பாக இருந்ததாம். விற்றவர் மரங்களை வெட்டி விறகுக்கு அனுப்பிவிட்டு, அடிக்கட்டைகளை மட்டும் எங்களுக்காகப் பத்திரமாக விட்டுவைத்திருந்தார். மொத்தம் ஐந்து. நாலு வேம்பு, ஒரு புளி. அந்தப் புளியந்தூர் இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அது போய் உட்கார்ந்திருந்த இடம், வடகிழக்கு. ஈசானிய மூலை.

"ஈசானிய மூலையில கட்டையை வச்சுக்கிட்டு வாஸ்து பூஜை பண்ண முடியாது சார்" என்றார் மேஸ்திரி. பத்மா ஏற்கெனவே பஞ்சாங்கத்தில் நாள் பார்த்துவிட்டாள். வைகாசியில் ஒரு வாஸ்து நாள் வருகிறது, அதை விட்டால் அடுத்தது ஆடியில்தான். ஆடியில் வீட்டு வேலை ஆரம்பிக்க எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே வைகாசி நாளுக்குள் ஐந்து தூரும் வெளியே வந்தாக வேண்டும். பெரிய ஜேசிபி வரலாம் என்றால், மனைக்குப் போகிற சந்தில் ஒரு மின்கம்பம் குறுக்கே நின்றது. அதன் பக்கத்தில் நுழையக் கூடிய ஒரே வாகனம், பின்பக்கம் தோண்டுகிற இரும்புக் கை பூட்டிய மினி டிராக்டர். அந்த வட்டாரத்தில் அது ஒரே ஒருத்தரிடம்தான் இருந்தது. ஒருத்தர் என்றால் முக்காவாசி இல்லை, முக்காவாசியின் அக்கா.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்த்து அனுப்பியதில் அந்த அம்மாள் வாங்கிய வண்டி அது. தம்பி அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஓட்டினான், பந்தல் போட்டான், கேன் தண்ணீர் போட்டான். மூன்றும் நீங்கள் நினைக்கிற இடத்தில் நின்றுபோயின. ஊரே அவனைக் கைகழுவிவிட்ட பிறகு, அக்கா மட்டும் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறாள். முதல் நாள் டீ குடிக்கும்போதே அவன் என்னிடம் சொல்லிவிட்டான்.

"வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாவி என் கொழுந்தன் கைக்குப் போயிரும்டான்னு சொல்லிப்புடுச்சுண்ணே. அந்தாளு எப்படா எப்படான்னு ஒக்காந்திருக்கான். இதை விட்டா எனக்கு வேற பொழப்பு இல்லண்ணே. யாரு குடுப்பா?"

இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அக்கா புருஷனான மாமாவின் காசில் வாங்கிய வண்டி என்பதால் அதை அவன் 'மாமா' என்றுதான் கூப்பிடுவான். வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் பேசுவான். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கீழே ஓரமாக வைப்பான். காலையில் இன்ஜின் பிடிக்காவிட்டால், பானட்டில் கையை வைத்து, "எந்திரிங்க மாமா, நேரமாச்சு" என்பான். நிஜ மாமா சிங்கப்பூரிலிருந்து ஒருநாள் போனில் கூப்பிட்டபோது, இவன் என் முன்னாலேயே, "ஒண்ணுமில்ல மாமா, மாமாவுக்கு ஆயில் மாத்திக்கிட்டு இருக்கேன்" என்றான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அக்கா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிடும். "இடது பக்கம் என்னடா கோடு?" "அது நிழலுக்கா." "நகந்து நின்னு எடு."

வேலையைப் பொறுத்தவரை அவனைக் குறை சொல்லக் கூடாது. நாலு வேப்பந்தூரையும் அவன் எடுத்த அழகைப் பார்க்க நான் கடைக்கு லீவு போட்டேன். சுற்றிலும் பள்ளம் பறிப்பான். பக்க வேர்களை ஒவ்வொன்றாக வெளியே காட்டுவான். கோடாலியை வாங்கிக் கீழே இறங்கி வெட்டுவான். கடைசியில் இரும்புக் கையின் பக்கெட்டை அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்குவான், தூர் பல் பிடுங்கின மாதிரி வந்துவிடும்.

"இதுல ஒரே ஒரு வெசயம்தாண்ணே. வேரு அறுபடாம இழுக்கக் கூடாது. அதுலயும் பக்கவாட்டுல இழுக்கவே கூடாது. கை மேலயும் கீழயும் தூக்கத்தான் பலம். சைடுல இழுத்தா மாமாவுக்குக் கை போயிரும்."

ஆனால் ஒவ்வொரு தூரும் முக்கால் பங்கு வெளியே வந்ததும் காணாமல் போய்விடுவான். பக்கத்துத் தோட்டத்தில் குழாய் பதிக்கப் போயிருப்பான். அங்கே முக்கால் முடிந்ததும் இன்னொரு இடத்தில் வாய்க்கால். ஒரே சமயத்தில் நாலு இடத்தில் வேலை நின்றுகொண்டிருந்தது. நான் கத்தினேன். "நாலு எடத்துல முக்கால் முக்கால்னா, கூட்டிப் பாருங்கண்ணே, மூணு வேலை முழுசா முடிஞ்சிருச்சு" என்றான். கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பத்மாவும் நானும் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மதுரையில் வேலையாட்களை வைத்துக்கொண்டு அவர்கள் எதிரிலேயே அவர்களைத் திட்டுவதற்கு அதைப் போல வசதியான பாஷை கிடையாது. நாங்களும் அவன் வந்த நாள் முதலாக மனசாரத் திட்டிக்கொண்டிருந்தோம். பத்தாவது நாளோ என்னவோ, பத்மா எங்கள் பாஷையில், "இவனுக்குக் கொடுக்கிற காபியில் சர்க்கரையைக் குறைத்தால் புத்தி வருமா பாருங்கள்" என்றாள். அவன் பக்கெட்டுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டே, "சர்க்கரை இருக்கட்டும் அண்ணி, டிக்காசன் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க" என்றான்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இந்தப் பாஷையை எங்கப்பா படிச்சே?"

"உங்ககிட்டதாண்ணே. எட்டு மணி நேரம் அதுலயேதான பேசுறீங்க. பேசத்தான் வரல. கேட்டா முக்காவாசி வெளங்கிரும்."

அன்றிலிருந்து அவனைத் திட்டுவதற்கு நாங்கள் சந்து முனைவரை நடந்துபோக வேண்டியிருந்தது.

விரட்டி விரட்டி நாலு வேம்பையும் முழுசாக எடுக்கவைத்த பிறகு, கடைசியில் புளியந்தூருக்கு வந்தான். வாஸ்து நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் பள்ளம் இடுப்பளவு ஆகியிருந்தது. பக்க வேர்கள் எல்லாம் அறுந்துவிட்டன. தூர் லேசாக ஆடவும் செய்தது. "முக்காவாசி வந்துருச்சுண்ணே. அடியில ஆணிவேரு ஒண்ணுதான் இருக்கு. காலையில வந்து கோடாலியால நாலு வெட்டு, அம்புட்டுத்தான். பூஜை பத்து மணிக்குத்தான?" என்று சொல்லிவிட்டு, மாமாவை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் எட்டு மணிக்கு வர வேண்டியவன் பத்தாவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தான். வழியில் யாருடைய வாய்க்காலோ.

வாஸ்து நாளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அன்றைக்கு வாஸ்து புருஷன் ஒன்றரை மணி நேரம் மட்டும் கண்விழித்திருப்பார். முதலில் பல் துலக்குவார், பிறகு குளிப்பார், பிறகு பூஜை, அதன்பின் சாப்பாடு, கடைசியில் வெற்றிலை பாக்கு. ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு நிமிஷம். அவர் சாப்பிடும்போதும் வெற்றிலை போடும்போதும்தான் முதல் கல் வைக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்த நேரம் பத்திலிருந்து பதினொன்றரை வரை. இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலையில் டிவியில் ராசிபலன் சொல்கிறவர் ஒருவர், வாஸ்து புருஷன் விழித்திருக்கும்போது அந்த மண்ணில் வெட்டுச் சத்தம் கேட்கக் கூடாது, கேட்டால் அந்த வீட்டில் நிம்மதி தங்காது என்று சொல்லிவைத்துவிட்டார். பத்மா அதைக் கேட்டுவிட்டாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவதற்குள் மணி பத்து. வாஸ்து புருஷன் பல் துலக்க ஆரம்பித்துவிட்டார்.

"மேஸ்திரி, அந்தக் கோடாலியக் கொண்டாங்க" என்றான்.

"வெட்டக் கூடாது தம்பி. பத்து ஆயிருச்சு. வெட்டாம எடு" என்றாள் பத்மா.

"அண்ணி, ஆணிவேரு அறுபடாம வராது. நாலே வெட்டுத்தான். சாமி பல்லு வெளக்குறப்ப அவருக்கு எங்க காது கேக்கப் போகுது?"

பத்மா என் பக்கம் திரும்பி, எங்கள் பாஷையில், "கோடாலியை எடுத்து ஒளித்துவையுங்கள்" என்றாள். அவனுக்குப் புரியும் என்பது அந்தப் பதற்றத்தில் இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று. நான் கோடாலியை எடுத்தேன். வெட்டவெளி மனையில் எங்கே ஒளிப்பது? தரையில் வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வேட்டியை நன்றாக விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முக்காவாசி என் நாற்காலியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், வண்டியில் ஏறினான்.

வாஸ்து புருஷன் குளிக்கிற பதினெட்டு நிமிஷமும் அவன் நிதானமாகத்தான் வேலை செய்தான். வண்டி ஆடாமல் இருக்க ஜாக்கிக் கால்களை ஊன்றி, பக்கெட்டை ஆணிவேருக்கு அடியில் கொடுத்து, தூக்கிப் பார்த்தான். தூர் வரவில்லை, வண்டியின் முன்சக்கரங்கள்தான் தரையைவிட்டு மேலே வந்தன. மண் மூட்டைகளை முன்னால் அடுக்கினோம். மேஸ்திரியும் முன்னால் ஏறி உட்கார்ந்தார். மறுபடி தூக்கினால், இந்தத் தடவை மேஸ்திரியும் சேர்ந்து மேலே போனார். "டேய், டேய், எறக்குடா" என்று கத்தினார். வாஸ்து புருஷன் பூஜைக்கு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கோடாலி" என்று அங்கிருந்தே கெஞ்சினான். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தப் பாவத்துக்கு நான் எங்கே போய் முழுகுவது என்று தெரியவில்லை.

சாப்பாட்டு நேரமும் கரைந்துகொண்டிருந்தது. தூர் அசைவதும் உட்காருவதுமாக ஆட்டம் காட்டியது. வெற்றிலைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினேன். முக்காவாசி வண்டி மேல் சும்மா உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்ன நினைத்தானோ, பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சிருங்க மாமா" என்றான். லீவரைப் பக்கவாட்டில் இழுத்தான்.

இன்ஜின் அலறியது. தூர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, நின்று, மறுபடி இழுத்தபோது 'மடார்' என்று ஒரு சத்தம். வேர் அறுந்துவிட்டது என்று நான் எழுந்து கைதட்டிவிட்டேன். அறுந்தது வேர் இல்லை. இரும்புக் கை வண்டியோடு சேருகிற இடத்தில் முறுக்கிக்கொண்டு கோணலாகத் தொங்கியது. ஒரு குழாய் பிய்ந்து, எண்ணெய் பீறிட்டு, பள்ளத்துக்குள் ஓடியது. புளியந்தூர் சாய்ந்த வாக்கில் அங்கேயே இருந்தது.

மேஸ்திரிதான் முதலில் சுதாரித்தார். "சாஞ்சதுல பக்கத்துல எடம் கெடைச்சிருச்சு சார். அவரு வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள கல்லை வச்சிருங்க" என்றார். உடைந்த கைக்குக் கீழே குனிந்து, எண்ணெய் வழிகிற பள்ளத்தில் இறங்கி, மஞ்சள் தடவிய முதல் செங்கல்லைப் பத்மா வைத்தாள். மேஸ்திரி கல்லுக்குக் குங்குமம் வைத்த கையோடு தூருக்கும் ஒன்று வைத்தார்.

முக்காவாசி அக்காவுக்குப் போன் போட்டான். எங்கள் எதிரில்தான்.

"அக்கா, மாமாவுக்குக் கை ஒடிஞ்சிருச்சுக்கா."

"ஐயோ, எந்த மாமாவுக்குடா?"

"இங்க இருக்குறவருக்குத்தான்க்கா."

அதன்பிறகு அந்தப் பக்கத்துப் பேச்சு எங்களுக்கே கேட்டது. இவன் நடுவில் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "என் தப்புதான்க்கா. சைடுல இழுத்துட்டேன். சாவிய வந்து குடுத்துர்றேன்."

கோடாலியைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவே இல்லை. நாங்களாவது போனை வாங்கிச் சொல்லியிருக்கலாம். நானும் பத்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒடிந்த கை ரோட்டில் இழுபடாமல் தூக்கிக் கட்டுவதற்குக் கயிறு இல்லை என்றான். பூஜையில் விரிக்கக் கொண்டுவந்த பழைய புடவையைப் பத்மா கொடுத்தாள். கையைத் தூளியில் போட்ட மாமாவை ஓட்டிக்கொண்டு, வெறுங்காலோடு அவன் போனான். செருப்பை எடுத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டான்.

மூன்றாம் நாள் மேஸ்திரியின் ஆள் ஒருவன் அதே கோடாலியோடு பள்ளத்தில் இறங்கினான். பீடி ஒன்று பற்றவைத்து அது அணைவதற்குள் ஆணிவேர் அறுந்துவிட்டது. எண்ணி நாலு வெட்டு இல்லை, ஆறு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, யாராவது என்னை அந்தப் பள்ளத்திலேயே போட்டு மூடினால் தேவலை என்று இருந்தது.

முக்காவாசிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டி மேலூரில் வெல்டிங் பட்டறையில் நிற்கிறது என்று மட்டும் மேஸ்திரி சொன்னார். "சாவி கொழுந்தனுக்குப் போயிருமா?" என்று கேட்டேன். "போகாம? அந்தம்மா சொன்னா சொன்னதுதான் சார்" என்றார். பத்மா அந்த வாரம் முழுக்க எதற்கெடுத்தாலும் என் மேல் எரிந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே அவனுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. அந்தம்மாகிட்ட நாமதான்னு சொல்லிருவோம். திட்டுனா வாங்கிக்குவோம்."

மேலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா வாசலில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தது. வண்டியைப் பார்த்தோம். புதிதாகப் பற்றவைத்த தழும்போடு முற்றத்தில் நின்றது. நான் தொண்டையைச் செருமிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோடாலி கேட்டான், நாங்கள்தான் தரவில்லை, நான்தான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன், அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது, சாவியை அவனிடமே கொடுத்துவிட வேண்டும் என்று, முப்பது வருஷம் கடையில் பேசிப் பழகியும், தட்டுத்தடுமாறித்தான் சொல்லி முடித்தேன்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது.

"சாவி அவன்கிட்டதாங்க இருக்கு" என்றது.

"அவன்கிட்டயா?" என்றாள் பத்மா.

"ஷேர் ஆட்டோவக் கவுத்தப்ப ரோடு சரியில்லன்னான். பந்தலு சாஞ்சப்ப காத்து சரியில்லன்னான். பத்தாவதுல பெயிலானப்ப, பேப்பரு திருத்துனவருக்குக் கண்ணு சரியில்லன்னான். பொறந்ததுல இருந்து இவன் வாயில அந்த ஒரு வார்த்தை வந்ததே இல்ல. அன்னைக்குத்தான் மொதத் தடவயா 'என் தப்புதான்க்கா'ன்னான். சரி, இனி பொழைச்சுக்கிருவான்னு அதுக்காகவே சாவியத் திருப்பி அவன் கையிலயே குடுத்தேன்." அக்காவுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப நீங்க வந்து, அதுவும் அவன் தப்பு இல்லங்கிறீங்க! நான் இவனை என்னதாங்க செய்யிறது?"

அதற்குள், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முக்காவாசி கலர் சோடா பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு கடையிலிருந்து வந்துவிட்டான். எங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான்.

"ஏன்டா, கோடாலி கேட்டத ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றது அக்கா.

அவன் பாட்டில்களைக் கீழே வைத்தான். பின்கழுத்தைச் சொறிந்தான். எங்கள் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

"அண்ணி தண்ணி டிரம்முக்குப் பின்னால போயி நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சுக்கா. அதப் பாத்துட்டுத்தான் சைடுல இழுத்தேன். சொந்த வீட்டுக்கு மொதக் கல்லு வைக்கிற அன்னைக்கு அழுகுறவுகளப் போயி, ஒங்களாலதான் ஒடைஞ்சுச்சுன்னு எப்படிக்கா சொல்றது?"

நான் பத்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுத இடத்திலிருந்து என் நாற்காலி பத்தடிகூட இல்லை. ஒன்பது வீட்டிலும் அவளோடு குடியிருந்தவன் நான், அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்தில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்திருக்கிறான். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. அவன் மேல் பிரியமாகவும் இருந்தது.

"செருப்பு" என்று சொல்லிப் பையை நீட்டினாள் பத்மா. அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, இரும்புதான, பத்தவச்சாச்சு" என்றது.

வீடு முடிந்து குடிவந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் பக்கம் வேலைக்கு வரும்போதெல்லாம் முக்காவாசி வாசலில் வண்டியை நிறுத்துவான். முன்னறிவிப்பே இல்லாமல் நாலைந்து பேரைக்கூட அழைத்துக்கொண்டு வருவான், பத்மா எல்லோருக்கும் காபி போடுவாள், நான் அவனோடு ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போடுவேன். அந்த டிராக்டர் சத்தம் கேட்டு நாலு நாள் ஆகிவிட்டால் பத்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. "ரோடுவரைக்கும் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்பாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் போவேன்.